ஆபரேஷன் காயம் சிலருக்கு மட்டும் ஏன் ஆற மாட்டேங்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கும், ஸ்கேன் எல்லாம் ஓகேன்னு சொல்லியிருப்பாங்க, ஆனா 10 நாள் கழிச்சும் தையல் போட்ட இடத்துல நீர் கசிஞ்சுட்டே இருக்கும், இல்லன்னா ஒரு ஓரத்துல வாய் பிளந்து நிக்கும். அதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பக்கத்து பெட்காரர் வீட்டுக்குப் போய் நடமாட ஆரம்பிச்சிருப்பார். "எனக்கு மட்டும் ஏன் இப்படி"ன்னு கேக்குறவங்களுக்காகத்தான் இந்தப் பக்கம். காரணம் பல நேரம் வெட்டின இடத்துல இருக்காது, உடம்புக்குள்ள முன்னாடியே இருந்த ஏதோ ஒண்ணுல இருக்கும், அதுல நிறைய விஷயம் ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசியிருந்தா ஓரளவு சரி பண்ணியிருக்கக்கூடியது. அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி செய்ய வேண்டியதைப் பத்தித்தான் இங்க அதிகம் எழுதியிருக்கு.

சாதாரணமா ஒரு ஆபரேஷன் காயம் ஆற எத்தனை நாள் ஆகும்?

மேல்தோல் ஒட்டுறது சீக்கிரம் நடந்துடும், தையல் போட்டு மூடின காயத்துல 1, 2 நாள்லயே மேல் அடுக்கு மூடிக்கும். ஆனா உள்ள நடக்குற வேலை ரொம்ப மெதுவானது. முதல்ல ரத்தம் உறையும், அடுத்த சில நாள் வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் சுத்தம் பண்ணும் (லேசான வீக்கமும் சூடும் அப்ப இருக்கும், அது நார்மல்தான்), அதுக்கப்புறம் சுமார் 3 வாரம் வரைக்கும் புது ரத்தக்குழாயும் கொலாஜனும் (காயத்தை ஒட்டிப் பலம் கொடுக்கிற புரத இழை) உருவாகும், அதுக்கும் அப்புறம் 1 வருஷம், சில சமயம் அதுக்கு மேலயும், அந்த கொலாஜன் சீராகி பலமாகிட்டே இருக்கும். 3 வாரத்துல காயத்துக்கு பழைய தோலோட பலத்துல 20-30 சதவீதம்தான் வந்திருக்கும், 3 மாசத்துல சுமார் 80 சதவீதம், முழுசா 100 எப்பவுமே வராது. தையல் பிரிச்சாச்சு, வெளியில அழகா இருக்கு, அதனால எல்லாம் ஆறிடுச்சுன்னு நினைச்சு பாரம் தூக்குறவங்க இதை மனசுல வெச்சுக்கணும்.

"காயம் சரியா ஆறல"ன்னா என்ன அர்த்தம்? இன்ஃபெக்ஷன்னு மட்டும்தானா?

இல்ல. இன்ஃபெக்ஷன் ஒரு வகைதான். தோலுக்கு அடியில நீர் கோத்துக்கலாம், ரத்தம் தேங்கி கட்டியாகலாம், தையல் ஓரத்துல ரத்த ஓட்டம் பத்தாம தோல் கருத்துப் போகலாம், தையல் விட்டு காயம் திறந்துக்கலாம். வயித்து ஆபரேஷன்ல வெளித்தோல் நல்லா ஆறியும் உள்ள தசை அடுக்கு சரியா சேராம மாசக்கணக்குக்கு அப்புறம் குடலிறக்கமா வெளிய தெரியலாம். ஒண்ணு இன்னொண்ணுக்கு வழி விடும், உதாரணத்துக்கு தேங்கின நீர்ல கிருமி வளரும், கிருமி வந்தா தையல் விடும். அதனால "சும்மா கொஞ்சம் நீர்தானே"ன்னு விட்டுடாம காட்டிடறது நல்லது.

யாருக்கெல்லாம் ரிஸ்க் அதிகம்?

சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, புகை பிடிக்கிறவங்க, உடல் எடை ரொம்ப அதிகமா இருக்கறவங்க, சத்துக்குறைவா இருக்கறவங்க, ஸ்டிராய்டு மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்கிறவங்க, அந்த இடத்துல முன்னாடி ரேடியேஷன் வாங்கினவங்க, கால்ல ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்க, கிட்னி ஃபெயிலியர், லிவர் பிரச்சனை, தொடர்ந்து குடிக்கிற பழக்கம் இருக்கறவங்க, அதே இடத்துல ரெண்டாவது மூணாவது தடவை ஆபரேஷன் பண்றவங்க, அவசரமா ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன் ஆனவங்க. ஒருத்தருக்கு இதுல ஒண்ணு இருந்தா பெரிசா பயப்பட வேண்டாம். ரெண்டு மூணு சேர்ந்து வரும்போதுதான் நிஜமாவே கவலைப்படணும், சுகரும் சிகரெட்டும் எடையும் ஒரே ஆளுக்கு இருக்கறது நாம நினைக்கிறதை விட ரொம்ப சகஜம்.

எனக்கு சுகர் இருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கலாமா?

தாராளமா பண்ணிக்கலாம், சுகர் இருக்கறது தடை இல்ல, கட்டுப்பாடு இல்லாத சுகர்தான் பிரச்சனை. ரத்தத்துல சர்க்கரை ஏறி நின்னா வெள்ளை அணுக்கள் மந்தமாகிடும், கிருமி கிட்ட போய் சேர்றதும் அதை முழுங்கி அழிக்கிறதும் ரெண்டுமே குறையும். சின்ன ரத்தக்குழாய்கள் வருஷக்கணக்கா பாதிச்சிருந்தா ஆக்சிஜன் போய்ச் சேராது. நரம்பு மரத்துப் போயிருந்தா காயத்துல வலி தெரியாது, வலி தெரியாததால கெட்டுப்போறதும் லேட்டாதான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஹெச்பிஏ1சி டெஸ்ட் கேப்பாங்க, அது கடந்த 2, 3 மாசத்து சராசரியைச் சொல்லும். பிரிட்டன் வழிகாட்டுதல்ல அவசரமில்லாத ஆபரேஷனுக்கு முன்னாடி இது 8.5 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்னு பாக்குறாங்க, சில சர்ஜன்கள், முக்கியமா மூட்டு மாத்துறவங்க, இன்னும் குறைவா எதிர்பார்ப்பாங்க. முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்து ஃபாஸ்டிங் சுகரை அழகா காட்டிடலாம், ஹெச்பிஏ1சி-ய அப்படி மாத்த முடியாது. அதனால தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே, மாசக்கணக்குல டைம் இருக்கும்போதே சுகர் டாக்டரைப் பாருங்க.

எனக்கு சுகர் இல்ல, ஆனா ஆபரேஷன் அன்னைக்கு சுகர் 210ன்னு காட்டுச்சு. மெஷின் தப்பா?

தப்பா இருக்கணும்னு அவசியமில்ல. ஆபரேஷனோட அழுத்தத்துல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறி, சுகர் இல்லாதவங்களுக்கும் ரத்த சர்க்கரை கூடும். அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, சுகர் நோயாளியோ இல்லையோ எல்லாருக்கும் ஆபரேஷன் நேரத்துல 200 மி.கி.க்குக் கீழ வெச்சிருக்கச் சொல்லியிருக்காங்க. அதனால இன்சுலின் போட்டாங்கன்னா பதறாதீங்க. வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு ஹெச்பிஏ1சி பாத்துடுங்க, சிலருக்கு சுகர் இருக்கறதே இப்படித்தான் முதல் தடவை தெரிய வருது.

ஒரு நாளைக்கு 4, 5 சிகரெட்தான். அதுவுமா பாதிக்கும்?

பாதிக்கும். நிக்கோடின் தோலுக்குப் போற சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிடும், புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்சிஜன் உக்காரவேண்டிய இடத்துல போய் உக்காந்துக்கும். அதாவது போற ரத்தமும் கம்மி, அந்த ரத்தத்துல ஆக்சிஜனும் கம்மி. ஆக்சிஜன் இல்லாம கொலாஜன் உருவாகாது, வெள்ளை அணுக்களாலயும் கிருமியைக் கொல்ல முடியாது. தோலைத் தூக்கி இழுத்து மூடுற ஆபரேஷன்கள்ல, மார்பக மறுசீரமைப்பு, வயித்துத் தொங்கல் எடுக்கறது மாதிரி, ஓரம் கருத்துப் போற ஆபத்து புகை பிடிக்கிறவங்களுக்கு நல்லாவே கூடுது.

4 வாரமாவது முன்னாடி நிறுத்தினா சிக்கல் தெளிவா குறையுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்களுக்கு 4 வாரம் இல்லையா, நாளைக்கழிச்சு ஆபரேஷனா, அப்பவும் இன்னைக்கே நிறுத்துங்க, கார்பன் மோனாக்சைடு ஒரு நாளுக்குள்ளயே நல்லா இறங்கிடும். வீட்டுக்கு வந்து திரும்ப ஆரம்பிச்சா மொத்த லாபமும் போச்சு, அந்த முதல் 4 வாரம்தான் காயம் கட்டுற காலம். நிக்கோடின் பேட்ச், சூயிங் கம் எடுத்துக்கலாமான்னா, சிகரெட்டுக்கு அது எவ்வளவோ மேல், ஆனா சில சர்ஜன்கள் நிக்கோடினே வேண்டாம்பாங்க, அதனால கேட்டுட்டு எடுங்க. டாக்டர் கேக்கும்போது "எப்பவாவது ஒண்ணு"ன்னு குறைச்சுச் சொல்றது ரொம்ப பேரோட பழக்கம். தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அங்க யாரும் உங்களைத் திட்டுறதுக்காக அந்தக் கேள்வியைக் கேக்கல, எப்படி வெட்டணும் எப்படி மூடணும்னு முடிவு பண்றதுக்கே அந்தப் பதில் வேணும்.

எடை அதிகமா இருந்தா ஏன் காயம் ஆறாது? சத்துதான் நிறைய இருக்கே?

கொழுப்பு அடுக்குல ரத்தக்குழாய் கம்மி, அதனால மருந்தும் ஆக்சிஜனும் குறைவாத்தான் போகும். தடியா இருக்கற கொழுப்பை வெட்டி மூடும்போது உள்ள வெற்றிடம் விழும், அதுல நீர் கோத்துக்கும். தையல் மேல இழுவிசையும் அதிகம், மடிப்புல வேர்வை தங்கி ஈரமாவே இருக்கும். ஆன்டிபயாட்டிக் அளவும் மாறும், செஃபாசோலின் ஊசி வழக்கமா 2 கிராம்னா 120 கிலோவும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு 3 கிராம் போடுவாங்க. சத்து விஷயமும் நீங்க நினைக்கிற மாதிரி இல்ல, எடை அதிகமா இருந்துட்டே புரதம், இரும்பு, வைட்டமின் டி எல்லாம் பற்றாக்குறையா இருக்கறவங்க நிறைய. அதுக்காக ஆபரேஷனுக்கு 3 வாரம் முன்னாடி கடுமையா பட்டினி கிடந்து 10 கிலோ குறைக்கிறது மோசமான யோசனை, கொழுப்போட சேர்ந்து தசையும் கரைஞ்சு காயத்துக்கு வேண்டிய புரதமே இல்லாம போய் நிப்பீங்க.

நான் ரொம்ப ஒல்லி, சாப்பாடும் இறங்கல. இதுக்கும் காயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். காயத்தை ஒட்டுற கொலாஜனே ஒரு புரதம்தான். கடைசி 6 மாசத்துல முயற்சி பண்ணாமலே உடம்பு எடையில 10 சதவீதத்துக்கு மேல இறங்கியிருந்தா, அதாவது 60 கிலோ இருந்தவர் 54க்குக் கீழ வந்திருந்தா, அதை டாக்டர்கிட்ட முதல் விஷயமா சொல்லுங்க. பெரிய ஆபரேஷன்னா 1, 2 வாரம் சத்து ஏத்திட்டு பண்றது நல்லதுன்னு முடிவு பண்ணலாம். பெரும்பாலானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2லேருந்து 1.5 கிராம் புரதம் வரைக்கும் இலக்கு வைப்பாங்க, முட்டை, பால், மீன், பயறு எது உங்களுக்கு ஒத்துக்குதோ அது (கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் அளவைக் கேட்டுக்கணும்). வைட்டமின் சி இல்லாம கொலாஜன் இழைகள் முறுக்கேறாது, துத்தநாகமும் வேணும், ஆனா குறைபாடு இல்லாதவங்க மாத்திரையா அள்ளிப் போட்டா காயம் டபுள் ஸ்பீடுல ஆறும்னு எதுவும் இல்ல.

ஆல்புமின் (ரத்தத்துல இருக்கற ஒரு புரதம்) கம்மின்னு ரிப்போர்ட் வந்தா உடனே சாப்பாடு பத்தலைன்னு முடிவு கட்டிடாதீங்க, உடம்புல அழற்சி, இன்ஃபெக்ஷன் இருந்தாலும் அது இறங்கும். 3.5க்குக் கீழ இருக்கறவங்களுக்கு சிக்கல் அதிகம்ங்கறது உண்மை, ஆனா காரணத்தைத் தேடணும். அதோட அரை ஆயுளே, அதாவது ரத்தத்துல இருக்கறது பாதியா குறையற நேரமே, சுமார் 20 நாள், ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டா நம்பர் ஏறாது.

ஸ்டிராய்டு மாத்திரை சாப்பிடுறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி நானே நிறுத்திடலாமா?

கண்டிப்பா கூடாது. ஸ்டிராய்டு காயத்தோட ஆரம்பக் கட்டமான அழற்சியையே (வெள்ளை அணுக்கள் வந்து சுத்தம் பண்ற கட்டம்) அமுக்கிடும், கொலாஜன் உருவாகறதையும் குறைக்கும், அதனால ஆறுறது தாமதமாகும், அது நிஜம். ஆனா ரொம்ப நாளா எடுத்துட்டு வர்றவங்களுக்கு உடம்பே சொந்தமா ஸ்டிராய்டு ஹார்மோனைச் சுரக்கிறதைக் குறைச்சிருக்கும், திடீர்னு நிறுத்தினா ஆபரேஷன் அழுத்தத்துல பி.பி. விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைக்கிறதோ கூட்டுறதோ டாக்டர் முடிவு.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறவங்களைப் பெரும்பாலும் தொடரச் சொல்வாங்க, பயாலஜிக் ஊசி (எதிர்ப்பு சக்தியோட ஒரு பகுதியை மட்டும் அடக்குற மருந்து) போடுறவங்களுக்கு அடுத்த டோஸ் வர வேண்டிய சமயமா பாத்து ஆபரேஷனை வைப்பாங்க. கேன்சருக்கு பெவாசிசுமாப் போடுறவங்க ஆபரேஷனுக்கு முன்னாடி குறைஞ்சது 28 நாள், அப்புறமும் 28 நாள் காயம் நல்லா ஆறுற வரைக்கும் இடைவெளி விடணும், ஏன்னா அந்த மருந்தோட வேலையே புது ரத்தக்குழாய் வளர விடாம தடுக்கிறது, காயத்துக்கோ அதுதான் உயிர்நாடி. ரத்தம் உறையாம இருக்க எடுக்கிற மாத்திரையையும் சொல்லுங்க, உள்ள ரத்தம் தேங்கறதுக்கு அது ஒரு காரணம், ஆனா அதையும் நீங்களா நிறுத்தாதீங்க.

15 வருஷம் முன்னாடி ரேடியேஷன் வாங்கினேன். அதெல்லாம் இப்ப எதுக்கு சொல்லணும்?

எத்தனை வருஷம் ஆனாலும் சொல்லணும். ரேடியேஷன் பட்ட இடத்துல சின்ன ரத்தக்குழாய்கள் அடைஞ்சு திசு இறுகிப் போயிருக்கும், அது வருஷம் போனா சரியாகிற விஷயம் இல்ல. முன்னாடியே தெரிஞ்சா வேற இடத்துலேருந்து ரத்த ஓட்டமுள்ள தசையோ தோலோ எடுத்து வெச்சு மூட பிளான் பண்ணுவாங்க.

வயசு 75. இந்த வயசுல காயம் ஆறவே ஆறாதா?

ஆறும், கொஞ்சம் மெதுவா ஆறும், அவ்ளோதான். வயசை விட அதோட கூட வர்ற சுகர், ரத்த ஓட்டக் குறைவு, சாப்பிடாம இருக்கறது இதுங்கதான் அதிகம் கெடுக்கும். நல்லா நடமாடிட்டு ஒழுங்கா சாப்பிடுற 75 வயசுக்காரருக்கு, படுத்த படுக்கையா இருக்கற 55 வயசுக்காரரை விட நல்லாவே ஆறும்.

கால்ல மட்டும் காயம் ஏன் இழுத்துட்டே போகுது?

இதயத்துலேருந்து தூரம், அடைப்பு வந்தா முதல்ல பாதிக்கிற இடமும் அதுதான். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால்ல பிடிச்சு இழுக்குது, நின்னா சரியாகுது, பாதம் சில்லுன்னு இருக்குன்னா ரத்தக்குழாய் அடைப்பான்னு பாக்கணும், கையிலயும் கணுக்கால்லயும் பி.பி. எடுத்து ஒப்பிட்டுப் பாக்குற ஒரு எளிமையான டெஸ்ட் போதும். அடைப்பு இருக்கற கால்ல என்ன ஆயின்ட்மென்ட் போட்டாலும் ரத்தம் வந்தாத்தான் ஆறும். கால் நீர் கோத்து வீங்கியிருந்தாலும் ஆறாது, ஆனா அடைப்பு இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் இறுக்கமான பேண்டேஜ் கட்டணும்.

ஆஸ்பத்திரி பக்கம் தப்பே இருக்காதா? எல்லாம் நோயாளி மேலயேவா?

நியாயமான கேள்வி. ஆபரேஷன் எவ்வளவு நேரம் ஓடுது, குடல் மாதிரி கிருமி இருக்கற இடத்தைத் திறந்தாங்களா, ஏற்கனவே சீழ் இருந்ததா, எவ்வளவு ரத்தம் போச்சு, எப்படி மூடினாங்க, எல்லாமே கணக்குல வரும். நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு உடம்பு சூடு. மயக்கத்துல உடம்பு குளிர்ந்தா தோல் ரத்தக்குழாய் சுருங்கிடும். 1996ல பெருங்குடல் ஆபரேஷன் பண்ண 200 பேர்கிட்ட பண்ண ஆய்வுல, உடம்பு குளிர விட்டவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு காயத்துல இன்ஃபெக்ஷன், சூடா வெச்சிருந்தவங்கள்ல 6 சதவீதம்தான். அதனால குளிருதுன்னா வாயத் திறந்து போர்வை கேளுங்க, அது சொகுசு இல்ல, சிகிச்சை.

முடி எடுக்கிறதும் அப்படித்தான். ரேசர் போட்டு மழிச்சா கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து கிருமி குடியேறும், அதனால முடியை விட்டுடணும், இல்ல கிளிப்பர் மெஷின்ல வெட்டணும். நீங்களா வீட்டுலேருந்து "உதவியா இருக்கட்டும்"னு ஷேவ் பண்ணிட்டுப் போகாதீங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஆன்டிபயாட்டிக் இன்னும் 5 நாள் கேட்டு வாங்கிக்கலாமா?

வேண்டாம். தடுப்புக்காக போடுற ஆன்டிபயாட்டிக் வெட்டுறதுக்கு முன்னாடியே ரத்தத்துல இருக்கணும், அதுலதான் பலன். இன்ஃபெக்ஷன் இல்லாதவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சப்புறம் அதை நீட்ட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2016லயே சொல்லிடுச்சு. டாக்டர் காரணத்தோட எழுதிக் கொடுத்தா அது வேற, அதை முழுசா முடிங்க.

இருமல், மலச்சிக்கல் இதெல்லாம் கூட காயத்தைக் கெடுக்குமா?

வயித்து காயத்துக்கு இது பெரிய எதிரி. ஒவ்வொரு இருமலுக்கும் முக்கலுக்கும் உள்ளேருந்து அழுத்தம் எகிறும். இருமல் வந்தா ஒரு தலகாணியை வயித்து மேல அணைச்சுப் பிடிச்சுட்டு இருமுங்க. வலி மாத்திரைகள்ல சிலது மலச்சிக்கல் கொடுக்கும், முக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இளக்க மருந்து கேளுங்க. பாரம் தூக்குறதை பெரிய வயித்து ஆபரேஷன்ல பொதுவா 6 வாரமாவது தள்ளி வைக்கச் சொல்வாங்க. ஆனா பாரம் தூக்காதன்னா படுத்தே கிடன்னு அர்த்தம் இல்ல, நடக்கணும்.

எப்ப குளிக்கலாம்? காயத்துல என்ன போடலாம்?

டாக்டர் வேற மாதிரி சொல்லாத பட்சத்துல 48 மணி நேரத்துக்கு அப்புறம் தண்ணி மேல ஊத்திக் குளிக்கலாம், தொட்டியிலயோ குளத்துலயோ ஊற வேண்டாம். குளிச்சிட்டு சுத்தமான துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. போடுறதுக்கு ஒண்ணுமே தேவையில்லைங்கறதுதான் நிறைய பேருக்குப் பதில். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தி நுரை வர்றதைப் பாத்தா சுத்தமாகுற மாதிரி தோணும், ஆனா அது புதுசா வளர்ற செல்லையும் சேர்த்து கொல்லுது. பவுடர், எண்ணெய், அரைச்ச எதையும் காயத்து மேல வைக்காதீங்க.

மன அழுத்தத்தால காயம் ஆறாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். 1995ல ஒரு ஆய்வுல, மறதி நோய் உள்ள உறவினரை பாத்துக்கிறவங்களுக்கும் அப்படி எந்த சுமையும் இல்லாதவங்களுக்கும் கையில ஒரே அளவு சின்ன காயம் பண்ணிப் பாத்தாங்க, முதல் குரூப்புக்கு ஆற சராசரியா 9 நாள் அதிகமாச்சு. அதனால நோயாளிகிட்ட வந்து "இன்னுமா ஆறல"ன்னு தினமும் கேக்குறதை விட, ராத்திரி நல்லா தூங்க விடுறது பெரிய உதவி. வலியைப் பொறுத்துக்கிட்டு இருக்கறதும் அழுத்தம்தான், மாத்திரையை நேரத்துக்கு எடுங்க.

எந்த அறிகுறி வந்தா டாக்டர்கிட்ட போகணும்?

காய இன்ஃபெக்ஷன் பெரும்பாலும் 5லேருந்து 10வது நாளுக்குள்ள தலைகாட்டும், அதாவது நிறைய பேர் வீட்டுக்கு வந்தப்புறம். 30 நாள் வரைக்கும் வரலாம், உள்ள பிளேட், செயற்கை மூட்டு மாதிரி எதாவது வெச்சிருந்தா இன்னும் தாமதமாவும் வரும். வலி நாளுக்கு நாள் குறையணும். குறைஞ்ச வலி திரும்ப ஏறினா அதுதான் முதல் மணி. சிவப்பு பரவுறது, சூடு, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், ஓரம் பிரியறது இதெல்லாம் அன்னைக்கே காட்டணும். கருத்த தோல்ல சிவப்பு சரியா தெரியாது, அதனால தொட்டுப் பாருங்க, சூடா, இறுகி, பளபளன்னு வீங்கியிருக்கான்னு. பேனாவால சிவப்போட எல்லையை ஒரு கோடு போட்டு வெச்சா பரவுதான்னு தெரியும்.

ஒண்ணு மட்டும் ராத்திரி 2 மணியானாலும் காத்திருக்கக் கூடாது. வெளியில பெரிசா ஒண்ணும் தெரியல, ஆனா வலி தாங்கவே முடியல, தோல் நிறம் மாறி கருப்பு, ஊதான்னு ஆகுது, கொப்புளம் வருது, ஆள் துவண்டு போறார்னா நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, திசுவை வேகமா அழிக்கிற இன்ஃபெக்ஷனா இருக்கலாம், அதுல ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வயித்து தையல் பிரிஞ்சு உள்ள இருக்கறது தெரியுதுன்னா என்ன பண்றது?

வயித்து காயம் பிரியறது சுமார் 5லேருந்து 10வது நாள்ல அதிகம், அதுக்கு முன்னாடி பல நேரம் இளஞ்சிவப்பு நீர் திடீர்னு நிறைய வந்து டிரெஸ்ஸிங்கை நனைக்கும். குடல் வெளிய தெரிஞ்சா உள்ள தள்ளாதீங்க. கிருமி நீக்கின சலைன்ல நனைச்ச சுத்தமான துணியால மூடுங்க, முழங்காலை மடக்கிப் படுக்க வைங்க, தண்ணி கூட கொடுக்காதீங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சு, தையலைத் திறந்து விட்டுட்டாங்க. இப்படி திறந்தே விடலாமா?

பாக்க பயமா இருக்கும், ஆனா சீழ் இருக்கற காயத்தை மூடி வைக்கிறதுதான் ஆபத்து. திறந்து சுத்தம் பண்ணி அடியிலேருந்து மெல்ல நிரம்பி வர விடுவாங்க, வாரக்கணக்காகும், சில சமயம் உறிஞ்சு எடுக்கிற வேக்யூம் மெஷின் மாட்டுவாங்க. சிவப்பா, ஈரமா, சின்னச் சின்ன மணி மாதிரி சதை எழும்பி வந்தா நல்ல அறிகுறி.

ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொல்றாங்க. எனக்கு சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருக்கு. என்ன பண்ணட்டும்?

வலியோட காத்திருக்கறது கஷ்டம், அது புரியுது. ஆனா மூட்டு மாத்துறது, குடலிறக்கம் மாதிரி காத்திருக்கக்கூடிய ஆபரேஷன்ல 6லேருந்து 12 வாரம் எடுத்துக்கிட்டு சுகரை இறக்கி, சிகரெட்டை விட்டு, புரதத்தை ஏத்திட்டு வர்றது, இன்ஃபெக்ஷன் ஆகி ரெண்டாவது தடவை தியேட்டருக்குப் போறதை விட எவ்வளவோ மேல். தள்ளிப் போடுறாங்கன்னா "எதுக்காக, என்ன நம்பர் வந்தா பண்ணுவீங்க, எப்ப திரும்ப டெஸ்ட்"னு மூணையும் கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க, அப்பதான் காத்திருக்கற காலம் வீணாகாது. கேன்சர், குடல் அடைப்பு, குடல்வால் வெடிப்பு மாதிரி விஷயங்களுக்கு இது பொருந்தாது, அங்க தாமதம்தான் பெரிய ஆபத்து, இருக்கற சுகரோட இருக்கற உடம்போட பண்ணிட்டு காயத்தை அப்புறம் கூடுதல் கவனமா பாத்துப்பாங்க.